சீரோவின் நிறமும் எமது நேர்மையும்

யப்பானியக் கடற்படையின் ‘சீரோ’ என்னும் சண்டை விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சிறுப்பித்து, இருபத்தைந்து சென்ரிமீற்றர் இறக்கையகலமுள்ள பிளாஸ்ரிக் மாதிரியுருவாக அமைத்து வர்ணந்தீட்டுதல் ஒரு பல்கலைக்கழக மலரில் எழுதத்தக்க பொருளா என வினவுவோர் உளர். அது சிறுவர் விளையாட்டு என்பது அவர்தம் முடிபு. அதனை மறுப்பதில் நாம் காலம் போக்கப்போவதில்லை. மாதக்கணக்கில் அமர்ந்து ஒரு பொறியை அதன் உட்கூடுவரை விளங்கிக்கொள்பவனைச் சிறுவன் என்பது அறியாமை. எமது வழக்கு வேறொரு சாராரோடு. மாதிரியுரு அமைத்தல் வெறுங் கைவினையே, அதனுள் வரலாற்றையும் அரசியலையும் புகுத்தலாகாது என்று ஓயாது கூறிவருவோரே அவர்.

அவர்களது நேர்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். சீரோ 1940ஆம் ஆண்டிற் சேவையிற் சேர்க்கப்பட்டது. யப்பானிய ஆண்டுக் கணக்கில் அது 2600. அதன் ஈற்றிலக்கமே விமானத்துக்குப் பெயராயிற்று. போரின் முற்பகுதியில் அவ்விமானம் என்ன நிறத்தில் இருந்தது என்ற வினாவுக்கு இன்றுவரை ஒருமித்த விடை இல்லை. பழைய நூல்கள் வெளிர் சாம்பல் என்றன. பேர்ள் துறைமுகத்தில் வீழ்ந்த விமானங்களின் சிதைவுகளை ஆராய்ந்தோர், ஒலிவ் பசுமை கலந்த சாம்பல் என்றனர். 1942ஆம் ஆண்டுக் கடற்படை அறிக்கையொன்றோ, பளபளப்புடைய, சற்றே ‘அமே’ சாயல்கொண்ட சாம்பல் என்கிறது. ‘அமே’ என்பது மாப்பொருளிலிருந்து காய்ச்சும் இனிப்புப் பாகு. அப்பாகு எவ்வளவு மஞ்சள், எவ்வளவு பழுப்பு என்பதன்மீது பக்கம்பக்கமாக எழுதியுள்ளனர். இதை நாம் நகைக்கவில்லை. மூலச்சான்று தேடி, பழைய கூற்றை ஐயுற்று, எஞ்சிய உலோகத்துண்டை ஒளியிற் பிடித்துப் பார்க்கும் இம்முறை, வரலாற்று மாணவர் பலரிடம் நாம் காணாத பண்பு. (விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த 1942ஆம் ஆண்டுச் சீரோவைச் சொறிபிடித்தாற்போல் எங்கும் வெள்ளி உரித்துக் காட்டும் வழக்கத்தை மட்டும் எம்மாற் பொறுக்க முடியவில்லை. அக்காலத் தொழிற்சாலைப் பூச்சு தரமானது. உரிந்தது பெரும்பாலும் பின்னாளிற் களத்தில் அவசரமாகத் தீட்டிய பச்சையே.)

இத்துணை நுணுகிப் பார்க்கும் கண் எங்கே மூடிக்கொள்கிறது என்பதே எமது வினா.

மாதிரியுரு அமைப்போர் விமானியின் அறையையே முதலிற் செய்வர். ஆசனத்தைக் கையிலெடுங்கள். மெல்லிய தகட்டாலான அதில் வட்டவட்டமான துளைகள் இருக்கும். துளைகளின் விளிம்பு தெளிவாகத் தெரிய மைபூசி வைப்பதே கைத்திறனின் அடையாளம் எனக் கருதுவர். அத்துளைகள் ஏன் உள? எடை குறைப்பதற்கு. ஏன் அவ்வளவு எடை குறைக்கவேண்டும்? 1937இற் கடற்படை விதித்த நிபந்தனைகள் வேகம், நெடுந்தூரம், எளிதிற் திரும்பும் ஆற்றல் அனைத்தையும் ஒருங்கே கேட்டன. கிடைத்த இயந்திரமோ ஏறத்தாழ 950 குதிரைவலுவே கொண்டது. ஹொரிக்கோஷி ஜிரோவும் அவர்தம் குழுவினரும் ஒவ்வொரு கிராமாகக் குறைத்தனர். இனி ஆசனத்தின் பின்புறத்தை நோக்குக. அங்கே ஒன்றுமில்லை. விமானியைக் காக்கும் உருக்குத் தகடு 21ஆம் வகைச் சீரோவில் இல்லை. குண்டு துளைத்தாற் தானே அடைபடும் எரிபொருட் தாங்கியும் இல்லை. ஆகவே மாதிரியுருவில் அவ்விடம் வெறுமையாக இருப்பதே சரி. அதனுட் தகடு வைத்தவனுக்குப் போட்டியிற் புள்ளி குறையும். விமானியின் உயிர் எடைக்கணக்கிற் கழிக்கப்பட்டதை அவ்வெறுமை சொல்லுகிறது. அதைச் சரியாகச் செய்து முடித்த கையே, இதில் அரசியல் இல்லை என்றும் எழுதுகிறது!

ஹொரிக்கோஷியைக் கனவு காணும் கலைஞனாகக் காட்டிய மியாசாக்கியின் ‘காற்று எழுகிறது’ திரைப்படம் 2013இல் வெளிவந்தபின் இப்போக்கு மேலும் வலுப்பெற்றது எனலாம். நாகோயாவிற் செய்த விமானத்தை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் ககாமிகஹாரா பறப்புத்தளத்துக்கு இழுத்துச் சென்றமை உண்மை; அழகிய காட்சியுந்தான். ஆயின் அவ்விமானம் தன் முதற் சண்டையைக் கண்டது 1940 செப்ரெம்பரில், யப்பானியர் குண்டுவீசிக்கொண்டிருந்த சீன நகரமாகிய சொங்கிங்கின் வானில். கனவு யாருடையது, கூரை யாருடையது என்று கேட்கவேண்டாமா?

வர்ணத்துக்கே திரும்புவோம். 1944இற் கொரியாவிலிருந்து பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியர், கல்வி தருவதாகக் கூறி மிற்சுபிஷியின் நாகோயா விமானத் தொழிற்சாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். கல்வியும் இல்லை, கூலியும் கைக்கு வரவில்லை. விமானப் பாகங்களைத் தின்னர் கொண்டு துடைத்தலும் அவற்றுக்கு வர்ணந் தீட்டுதலும் அவர்களுட் சிலருக்கு விதிக்கப்பட்ட வேலை. அவ்வாண்டு டிசெம்பர் 7ஆந் திகதி நிலநடுக்கத்தில் டோத்தொக்குத் தொழிற்சாலை இடிந்து வீழ்ந்தபோது மாண்டோருள் அறுவர் அச்சிறுமியர். தப்பியோர் முதியோராகி நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2018 நவெம்பரிற் தென்கொரிய உயர்நீதிமன்றத்தில் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றனர். டோத்தொக்குவில் உருவானது சீரோ அன்று, தரைப்படையின் உளவு விமானம் என ஒருவர் திருத்தக்கூடும். திருத்தம் சரியே. அவ்வுளவு விமானமும் மாதிரியுருப் பெட்டியாக விற்பனையாவதுதான். அதன் நிறம்பற்றியும் விவாதம் உண்டு. அந்நிறத்தைத் தீட்டிய கைகள் யாருடையவை என்பது அவ்விவாதத்துக்குப் புறம்பானதாம்.

போர்க்கருவியின் உருவைச் செய்வதே போரைப் போற்றுதல் என்று கூறி இப்பொழுதுபோக்கைத் தடுக்க விரும்புவோரோடும் நாம் உடன்படவில்லை. ஆசனத்தின் துளைகளை அவர்கள் கண்டதேயில்லை.

எமக்கு இவ்விடயத்தில் அயலான் என்ற நிலையும் இல்லை. 1942 ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பின்மீது குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை அந்தச் சாம்பல் நிறச் சீரோக்களே. சீனன்குடாவிலிருந்து இரத்மலானை நோக்கி வந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்களையும் அவை வீழ்த்தின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையின் முறை. இத்தாக்குதலில் வந்த ‘அக்காகி’ கப்பலின் சீரோவை அமைப்போர் உடலின் பின்பகுதியில் ஒரு செம்பட்டை தீட்டுவர். யாரேனும் தவறுதலாக இரண்டு தீட்டிவிட்டால் நடுவர் உடனே பிடித்துவிடுவர். இரு செம்பட்டை ‘காகா’வுக்குரியது, அக்கப்பலோ பலாவ் தீவருகே கடற்பாறையில் மோதியதால் திருத்தத்துக்குச் சென்றிருந்தது, இலங்கைக்கு வரவில்லை. கண்டிப்பான, போற்றத்தக்க பார்வை.

மாதிரியுருவின் அருகில் வைக்கும் அட்டையில் அளவுவிகிதம், உற்பத்தியாளர், பூச்சுகளின் இலக்கங்கள் ஆகியவற்றை எழுத இடமுண்டு. அவ்விமானம் எந்நாளில், எந்நகரின்மேல், எதற்காகப் பறந்தது என்றும், அதனைச் செய்த தொழிற்சாலையில் யார் உழைத்தனர் என்றும் எழுத மூன்று வரிகள் கூடுதலாக வேண்டும். பட்டையின் எண்ணிக்கைக்குப் புள்ளி வழங்கும் நடுவர் அவ்வரிகளுக்கும் புள்ளி வழங்கவேண்டும் என்பதே நாம் விடுக்கும் கோரிக்கை.