கலைஞர் நட்பும் அதன் கடமையும்

தொலைநாடுகளிலுள்ள கலைஞரும் எழுத்தாளரும் ஒருவரோடொருவர் கலந்து பழகுதல் நன்று என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். கலைத்தூதுக் குழுக்கள் சென்று வருகின்றன. ஓவியக் காட்சிகள் நடைபெறுகின்றன. விருந்துகளும் வாழ்த்துரைகளும் குறைவின்றி நிகழ்கின்றன. ஆயினும், இக்கலப்பினால் விளையும் பயன் யாது, மெய்யான கலப்பை வெறும் உபசாரத்தினின்றும் பிரித்தறிவது எங்ஙனம் என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. வங்கத்திற்கும் ஜப்பானுக்கும் இடையே 1902 முதல் 1938 வரை நிகழ்ந்த தொடர்பின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தக்க விடை தருமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஒககுரா ககுஸோ என்பவர் ஜப்பானியக் கலையறிஞர். மேனாட்டு முறைகளின் பெருக்கால் தம் நாட்டு ஓவியக்கலை நிலைகுலைவது கண்டு வருந்தி, 1898-இல் டோக்கியோவில் ஒரு கலைக்கழகம் நிறுவியவர். இவர் 1902-இல் கல்கத்தாவில் தங்கித் தாகூர் குடும்பத்தாரோடு கேண்மை கொண்டார். ஆசிய மக்களின் ஒருமையை விளக்கி இவர் ஆங்கிலத்தில் இயற்றிய ‘கிழக்கின் இலட்சியங்கள்’ என்னும் நூல், நிவேதிதை அம்மையாரின் முன்னுரையோடு 1903-இல் இலண்டனில் வெளிவந்தது. அவ்வாண்டில் இவர்தம் மாணாக்கராகிய யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் ஓவியர் இருவரும் கல்கத்தாவுக்கு வந்தனர்.

அக்காலத்து அவனீந்திரநாத தாகூர், தாம் முன்னர்க் கற்ற ஐரோப்பிய முறையில் மனநிறைவு கொள்ளாமல், மொகலாயச் சிற்றோவியங்களின்பாற் கருத்தைச் செலுத்தியிருந்தார். தைக்கான் அகன்ற தூரிகையால் தாளை நனைத்து வண்ணந் தீட்டுவதை அவர் அருகிருந்து நோக்கினார். நோக்கியதை அவ்வாறே பின்பற்றவில்லை. தீட்டிய தாள் முழுவதையும் நீரில் அமிழ்த்தியெடுத்து, மேலும் தீட்டிப் பனி படர்ந்தாற்போன்றதொரு மென்மையை வருவித்தார். 1905-இல் அவர் எழுதிய ‘பாரதமாதா’ என்னும் படத்தில் இம்முறையின் சாயலைக் காணலாம். தைக்கானும் வெறுங்கையோடு திரும்பினாரல்லர். 1909-இல் அவர் வரைந்த ஓவியமொன்று, கங்கையில் விளக்கு மிதக்கவிடும் இந்திய மகளிரைக் காட்டுகின்றது.

இத்தொடர்பு பின்னரும் வளர்ந்தது. 1916-இல் அராய் கம்போ என்னும் ஜப்பானிய ஓவியர் கல்கத்தாவுக்கு வந்து தம் நாட்டுத் தூரிகை முறையைக் கற்பித்தார். அஜந்தா குகைகளுக்குச் சென்று ஆங்குள்ள சுவரோவியங்களைப் படியெடுத்தார். 1924-இல் நந்தலால் போஸ், மகாகவி இரவீந்திரநாத தாகூருடன் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் சென்றார். நம் சென்னையும் இத்தொடர்பின் பயனைப் பெறாமற் போகவில்லை. அவனீந்திரநாதரின் மாணாக்கராகிய தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவரானார்.

இதுகாறும் கூறியது இனிய பகுதி. இந்நட்பைச் சோதித்த பகுதியும் ஒன்று உண்டு. 1916-இல் ஜப்பான் சென்ற இரவீந்திரநாதரை அந்நாட்டார் பெருஞ்சிறப்புடன் வரவேற்றனர். அவரோ ஜப்பானியரின் அழகுணர்ச்சியைப் போற்றியதோடு நில்லாமல், மேனாட்டு வல்லரசுகளைப் பின்பற்றி அவர்கள் நாட்டுவெறி கொள்வது தீதென்றும் எச்சரித்தார். வாழ்த்தியோரிற் பலர் உடனே முகஞ் சுளித்தனர். தோல்வியுற்ற நாட்டின் கவி என்று இகழ்ந்தாரும் உளர். 1937-இல் ஜப்பான் சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தது. இந்தியாவுக்கு வந்து சாந்திநிகேதனத்தில் விருந்தினராயிருந்த கவிஞர் யோனே நோகுச்சி, அப்போர் ஆசியாவின் நன்மைக்கே என்று 1938-இல் தாகூருக்குக் கடிதம் எழுதினார். ஆசிய ஒருமை என்று ஒககுரா நட்பின் பொருட்டு வகுத்த கருத்து, படையெடுப்பிற்குப் போர்வையாயிற்று. தாகூர், ஜப்பானிய மக்கள்பால் தாம் கொண்ட அன்பை மறைக்காமலே, அக்கூற்றைத் தெளிவாக மறுத்தெழுதினார்.

ஓவியரும் கவிஞரும் முப்பத்தாறு ஆண்டுகள் பழகியும் போரைத் தடுக்க இயலவில்லையே, இக்கலப்பினாற் பயன் என்னை என்று சிலர் வினவக்கூடும். படைகளைத் தடுக்கும் வலிமை தூரிகைக்கு இல்லை என்பது மெய்யே. ஆயின், உண்ட விருந்தை எண்ணித் தாகூர் வாய் மூடியிருந்தால், அத்தனை ஆண்டுப் பழக்கமும் வெறும் உபசாரமாகவே முடிந்திருக்குமன்றோ? அரசியல் கலைஞருக்கு உரியதன்று, அவர் அழகைப் பேசி அமைக என்பாரும் உளர். நண்பன் நெறி கடக்குமிடத்து இடித்துரைப்பதையே நட்பின் கடமையாக வள்ளுவர் வகுத்தார். தனிமனிதருக்குப் பொருந்தும் இவ்விதி நாடுகளிடைத் தோன்றும் நட்பிற்கும் பொருந்தும் என்பதே எமது துணிபு. பகைவன் கடிந்தால் அதனைப் பகையென்று தள்ளலாம். ஜப்பானின் கலையை அறிந்து நேசித்த ஒருவர் கடிந்ததை அங்ஙனம் எளிதில் தள்ளுதல் இயலாது. அச்சொல்லுக்கு அவ்வுரிமையை அளித்தது முன்னிகழ்ந்த கலைப்பழக்கமேயாம்.

பிறநாட்டு நூல்களையும் கலைகளையும் நாடோறும் பயிலும் நம் கல்லூரி மாணவர் இதனினின்றும் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, தம்முடையதைத் தாம் அறிந்திருத்தல் வேண்டும். அஃதில்லார்க்குப் பிறர்க்கு ஈவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது, பிறரிடம் கொண்டதை அவனீந்திரநாதர் போலத் தம் கையால் மாற்றித் தமதாக்கிக் கொள்ளல் வேண்டும். மூன்றாவது, பிறநாட்டு நண்பர் தவறுமிடத்து உண்மை கூறவும், நாம் தவறுமிடத்து அவர் கூறும் உண்மையைப் பொறுமையோடு கேட்கவும் துணிதல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதே அரியது. கலைவிழாக்களில் மாலை சூட்டி வழியனுப்பும் வேளையில், அவ்விருந்தினரிடம் நாம் மெய் பேசினோமா என்று ஒருமுறை நம்மையே வினவிக்கொள்வோமாக.