மூட்டியவரே அவிக்க வேண்டும்

மொழிக் கழக முகாம் என்றாலே கடைசி இரவில் நெருப்பைச் சுற்றி அமரும் அந்த இரண்டு மணி நேரம்தான் நினைவுக்கு வரும். பட்டம் பெற்றுச் சென்ற முன்னாள் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். முகாமில் யார் என்ன உரையாற்றினார் என்பது மறந்திருக்கும். நெருப்போரம் யார் பாடினார், யார் கண் கலங்கினார் என்பது மறந்திருக்காது. ஆனால் அண்மையில் நான் சென்று வந்த சில முகாம்களில் அந்த நெருப்பையே காணோம். மண்டபத்தின் நடுவே நான்கு கட்டைகள், உள்ளே ஒரு சிவப்பு விளக்கு, மின்விசிறிக் காற்றில் படபடக்கும் மஞ்சள் துணி. இதுதான் ‘முகாம் தீ’ என்றார்கள்.

ஏற்பாட்டாளர்கள் கூறும் காரணங்களை நான் ஏளனம் செய்யவில்லை. அனுமதி கிடைக்குமா? மழை பெய்தால்? யாருக்காவது காயம் பட்டால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? எல்லாம் நியாயமான கேள்விகள். மலேசியாவில் திறந்தவெளி எரிப்பை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. புகைமூட்டக் காலத்தில் கெடுபிடி இன்னும் கூடும். இருந்தாலும், ஆபத்து என்று சொல்லி நெருப்பைக் கைவிடுவதைவிட, ஆபத்தின்றி அதைக் கையாளக் கற்றுக்கொள்வதே நமக்கு அழகு என்பது என் கருத்து.

நெருப்பு நமக்குப் புதிய உறவா என்ன? நம் பாட்டிமார்கள் தோட்டத்து லயங்களில் இரப்பர் விறகில் சமைத்தார்கள். இரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்தும் கூடங்களில் தீ கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொண்டவர்களில் நம் தாத்தாமார்களும் இருந்தார்கள். அதற்கான சொற்களும் அவர்களிடம் இருந்தன. முதலில் பற்றுவது சருகு, அடுத்துச் சுள்ளி, பிறகு விறகு. எரியும் கட்டை கொள்ளி. எரிந்து சிவந்த துண்டு கங்கு. விளக்கை அணைப்போம், நெருப்பை அவிப்போம். இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நெருப்பின் முன் ஒரு மணி நேரம் குந்தியிருந்தால் தானாக வாயில் வரும். தமிழ் வாழ்க என்று முழங்கும் கழகத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை ஏது?

இடம் பார்ப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். கூடாரமோ காய்ந்த புல்லோ தாழ்ந்த கிளையோ அருகில் இல்லாத வெறும் மண் வேண்டும். சுற்றிலும் மூன்று மீட்டர் தூரத்துக்குச் சருகைக் கூட்டித் தள்ளிவிட வேண்டும். மலாய்மொழியில் ‘தானா கம்புட்’ எனப்படும் சதுப்பு மண்ணில் மூட்டவே கூடாது. கோலா லங்காட், தஞ்சோங் காராங் வட்டாரங்களில் இம்மண் உண்டு. இது மண்ணே எரியும் மண். மேலே அவிந்தாலும் அடியில் பல நாள் கனன்றுகொண்டிருக்கும். ஆற்றுக் கற்களை அடுக்கி வட்டம் கட்டினால், உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். கணு மூடிய மூங்கிலும் அப்படித்தான். பிளந்துதான் போட வேண்டும். ரெங்காஸ் மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். அதன் புகையும் ஆகாது. பெயர் தெரியாத காட்டு மரத்தை வெட்டிப் போடுவதைவிட விறகை வாங்கிக்கொண்டு போவதே மேல். சாயம் பூசிய பலகையும் பிளாஸ்டிக்கும் நெருப்புக்கு உணவல்ல.

நம் நாட்டு ஈரத்தில் விறகு பற்றாது என்பார்கள். பற்றும். மழையில் நனைந்த கட்டையைப் பிளந்தால் உள்ளே பெரும்பாலும் காய்ந்திருக்கும். அதைச் சீவி எடுத்து, விரல் பருமனுள்ள சுள்ளிகளைக் கூம்பாக நிறுத்தி, காற்று வரும் பக்கம் வாய் விட்டுப் பற்றவைத்தால் போதும். பெரிய கட்டைகள் அதன் பிறகுதான்.

பொறுமை இல்லாதவர்கள் பெட்ரோலைத் தேடுகிறார்கள். ஒரு முகாமில் நான் நேரிலேயே பார்த்தேன். நிகழ்ச்சி தாமதமாகிறதென்று மூத்த மாணவர் ஒருவர் ஈர விறகின் மேல் ஒரு புட்டி பெட்ரோலை ஊற்றினார். தீப்பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் ஆவி தரையோடு பரவிவிட்டது. குச்சியை உரசியதும் நெருப்பு விறகில் எழவில்லை. அவர் காலடியில் எழுந்தது. புருவம் கருகியது, கையில் கொப்புளம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில்கூடப் பற்றக்கூடியது. அன்று எனக்கு இன்னும் வருத்தம் தந்தது, ஒருவர் பற்பசையோடும் இன்னொருவர் கிச்சாப்போடும் ஓடி வந்ததுதான். தீப்புண்ணுக்கு முதலுதவி 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பிறகு மருத்துவமனை. நைலான் சேலையிலும் துப்பட்டாவிலும் நெருப்பருகே ஆடுபவர்களும் கவனிக்க வேண்டும். நைலான் உருகினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசிப் பாடலோடு நெருப்பு முடிந்துவிடுவதில்லை. கடற்கரை முகாம்களில் மணலை அள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். மணலுக்கடியில் கங்கு பல மணி நேரம் சூடாகவே கிடக்கும். மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தெரியுமா? தண்ணீர் ஊற்றிக் கிளற வேண்டும். மீண்டும் ஊற்றிக் கிளற வேண்டும். புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடே தெரியக் கூடாது. அதுதான் முடிவு.

ஆனால் நடப்பது என்ன? சிறப்பு விருந்தினர் தீப்பந்தம் ஏற்றுகிறார், படம் எடுத்துக்கொள்கிறார், புறப்பட்டுவிடுகிறார். நள்ளிரவில் வாளி சுமப்பவர்கள் இரண்டு முதலாமாண்டு மாணவர்கள். நம் கழகங்களின் பல பணிகளுக்கும் இதே கதிதான். தொடங்கிவைக்கப் பலர் உண்டு, முடித்துவைக்க ஆளில்லை.

அடுத்த செயலவையினருக்கு என் வேண்டுகோள் இதுதான். நில உரிமையாளரிடமும் உள்ளூர் அதிகாரிகளிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மூத்தவர் ஒருவர், புதியவர் ஒருவர் என இருவரைத் தீக்காவலர்களாக அமர்த்துங்கள். அடுத்த ஆண்டு அந்தப் புதியவர் இன்னொருவருக்குக் கற்றுக் கொடுக்கட்டும். நெருப்பருகே நிறை வாளிகளை வைத்த பிறகே தீக்குச்சியைத் தொடுங்கள். நிகழ்ச்சியை அரை மணி நேரம் முன்பே முடியுங்கள். தீப்பந்தம் ஏற்றியவர் உட்பட எல்லாரும் சேர்ந்து அவியுங்கள். புகைமூட்டமோ தடையோ இருந்தால் நெருப்பு வேண்டாம். இருட்டில் உட்கார்ந்து பேசினாலும் போதும். பொய் நெருப்பு மட்டும் வேண்டாம்.

நண்பர்களே, நெருப்பை மூட்டுவது எளிது. கடைசிக் கங்கு ஆறும்வரை பக்கத்தில் நிற்பதுதான் பொறுப்பு. அதைப் பழகிக்கொண்டவர்கள் கழகத்தையும் அணையாமல் காப்பார்கள்.