‘முடியுது, ஆனா வலிக்குது’ என்பதற்கு எத்தனை மார்க்?

எங்கள் தெருவில் சின்னம்மா ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வயதில் வயலில் இறங்கியவர், இப்போது அறுபதை நெருங்குகிறார். குறுவை, சம்பா, தாளடி என்று அவர் வாழ்க்கை குனிந்தபடியே போயிருக்கிறது. பத்து வருடமாகக் குறுக்குவலி. ஒருநாள் நடவிலிருந்து வந்தவரால் நிமிரவே முடியவில்லை. மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். “வயசுக்கேத்த தேய்மானம்தான்” என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு இயன்முறை மருத்துவம் படிக்கிற மாணவர் ஒருவர் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார். நல்ல பையன். சின்னம்மாவை ‘வாங்க, உக்காருங்க’ என்று மரியாதையாகப் பேசினார். வலியால் ஒருவருக்கு எவ்வளவு இயலாமை ஏற்பட்டிருக்கிறது என்று அளப்பதற்கான கேள்வித்தாள் அது.

“நடக்க முடியுதாம்மா?”

“நடக்காம எப்படி தம்பி வீட்டுக்குப் போறது?”

“பாரம் தூக்க முடியுதா?”

“முடியுது, ஆனா வலிக்குது.”

“ரொம்ப நேரம் நிக்க?”

“முடியுது, ஆனா வலிக்குது.”

அந்தத் தாளைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரின் பெயரைத் தாங்கிய கேள்வித்தாள், 1980இல் வெளியானது. முதுகுவலிக்காரர்களிடம் உலகம் முழுவதும் இன்றும் இதைக் கேட்கிறார்கள். பத்துக் கேள்விகள்: வலியின் அளவு, தன் வேலையைத் தானே செய்துகொள்வது, பாரம் தூக்குவது, நடப்பது, உட்காருவது, நிற்பது, தூங்குவது, தாம்பத்தியம், நாலு பேரோடு பழகுவது, பயணம். ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 50. அதைச் சதவீதமாக மாற்றினால் இயலாமையின் அளவு.

பாரம் தூக்குவதில் ‘தூக்க முடிகிறது, ஆனால் வலி கூடுகிறது’ என்றால் ஒரு மதிப்பெண். நிற்பதற்கும் பயணத்துக்கும் அப்படித்தான். தூக்கவே முடியாது, நிற்கவே முடியாது என்று விட்டவருக்குத்தான் ஐந்து. தாம்பத்தியக் கேள்வியை அந்தப் பையன் கேட்காமலே தாண்டிவிட்டார். அவர் வயதுக்கு வேறென்ன செய்வார்? ஒரு கேள்வி விடுபட்டால் 45க்குக் கணக்கிட வேண்டும் என்பது விதி. சின்னம்மாவுக்கு 11 வந்தது. 24 சதவீதம். ‘மிதமான இயலாமை’.

இன்னொரு கேள்வித்தாளும் உண்டு. 1983இல் ரோலண்ட், மோரிஸ் என்ற இருவர் வெளியிட்டது. அதில் 24 வாக்கியங்கள். ‘முதுகுவலியால் பெரும்பாலான நேரம் வீட்டிலேயே இருக்கிறேன்’, ‘வழக்கத்தைவிட அதிகமாகப் படுத்து ஓய்வெடுக்கிறேன்’, ‘மற்றவர்களை எனக்காக வேலை செய்யச் சொல்கிறேன்’ என்ற மாதிரி. உங்களுக்குப் பொருந்துகிறதை டிக் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து இதையும் சின்னம்மாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். “படுத்துக்கிட்டா கூலி யாரு குடுப்பா? எனக்காக வேலை செய்ய நான் யாரைச் சொல்றது, ஆண்டையையா?”

பிரச்சினை முழுவதும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. இந்தத் தாள்கள் வலியால் ஒருவர் எதை எதை விட்டுவிட்டார் என்று கேட்கின்றன. விட முடிந்தவருக்கு மதிப்பெண் கிடைக்கும். நிலம் இல்லாதவள், அன்றாடக் கூலியில் அடுப்பு எரிபவள், எதையும் விட முடியாதவள். வலியோடு அவள் குனிந்து நட்டால் தாளில் ஆரோக்கியமானவளாகிவிடுகிறாள். இதே வலி உள்ள வசதியான வீட்டுப் பெண் வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டு படுத்திருந்தால் அவருக்கு அதிக இயலாமை என்று வரும். அவருடைய வலியைப் பொய் என்று சொல்லவில்லை. நம் ஊரில் யார் வேலையை விடலாம், யார் விடக்கூடாது என்பதைச் சாதியும் நிலமும் முன்பே முடிவுசெய்துவிட்டன. அந்த முடிவைத்தான் தாள் அளந்துகொண்டு வருகிறது.

தோள், கை வலிக்கு ஒரு தாள் இருக்கிறது. அதில் கோல்ஃப், டென்னிஸ் எல்லாம் உதாரணமாக வருகின்றன. மூட்டுவாதத்துக்கு அமெரிக்காவில் செய்த தாளில் காரில் ஏறி இறங்குவதும் பால் அட்டைப்பெட்டியைத் திறப்பதும் கேள்விகள். நம் நாட்டு மூட்டுநோய் மருத்துவர்கள் அதை மாற்றி, தரையில் சம்மணமிட்டு உட்காருவது, கழிப்பறையில் குத்துக்காலிடுவது போன்றவற்றைச் சேர்த்தார்கள். மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் நாள் முழுக்கச் சேற்றில் குனிவதும், கட்டைத் தலையில் ஏற்றுவதும், குப்பை வண்டி தள்ளுவதும் எந்தத் தாளில் இருக்கின்றன?

அதற்காகக் கேள்வித்தாளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாள்பட்ட முதுகுவலியில் பெரும்பாலானவர்களுக்கு இன்னதுதான் காரணம் என்று எக்ஸ்ரே காட்டாது. தேய்மானம் தெரிகிற பலருக்கு வலி இருக்காது. வலியால் துடிக்கிற பலருக்குப் படம் சுத்தமாக இருக்கும். 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு முதுகுவலி இருந்ததாகக் கணக்கு. மனிதர்களை முடக்குவதில் முதல் இடம் இதற்குத்தான். இந்த வலியை அறிய, அனுபவிப்பவரைக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நம் மக்களின் உடம்பைத் தொட்டுப் பார்க்கவே தயங்கியவர்கள் இருந்த நாட்டில், ‘உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று ஒரு தாள் கேட்பது சாதாரண விஷயமல்ல. சரியாகக் கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். இந்தத் தாளில் வருகிற சதவீதம் வேறு, மாற்றுத்திறனாளி சான்றிதழில் எழுதுகிற சதவீதம் வேறு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட முதுகுவலி அதில் தனி வகையாக இல்லை. இடஒதுக்கீடு போன்ற முக்கிய உரிமைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். கை கால் இயக்கக் குறைபாட்டை மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையில் வலு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அளக்கிறார்கள். நரம்பு நசுங்கிக் கால் பலவீனமானால் கணக்கில் வரலாம். வலி மட்டும் இருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். முகாமுக்குப் பஸ் ஏறிப் போய், ஒருநாள் கூலியும் இழந்து திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும்.

வலியை எண்ணினால் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தது நேர்மாறு. நம் பெண்கள் குறைத்துத்தான் சொல்கிறார்கள். குறுக்கு முடியவில்லை என்று வெளியே தெரிந்தால், நடவுக்கு ஆள் சேர்க்கிறவர் மறுநாள் கூப்பிடமாட்டார்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வருகிறவர்கள் கையில் நம் வேலைகளை வைத்துச் செய்த ஒரு கேள்வித்தாளைக் கொடுக்கலாம். குனிந்து நட்டால் எவ்வளவு நேரத்தில் நிமிர வேண்டியிருக்கிறது, வரப்பில் எத்தனை தடவை உட்காருகிறீர்கள், வேலை முடிந்த ராத்திரி தூக்கம் வருகிறதா, இந்த மாதம் வலியால் எத்தனை நாள் கூலி போனது, வேலைக்குப் போவதற்காக எத்தனை வலி மாத்திரை விழுங்கினீர்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். கடையில் கேட்டு வாங்கும் அந்த மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டபோது சின்னம்மா விழித்தார். “ரூவாய்க்கு முக்கா ரூவா” என்றார் பிறகு. கடுக்குது, உளையுது, வெட்டி இழுக்குது, மரத்துப்போகுது என்று வலிக்கு அவரிடம் அத்தனை சொற்கள். தாளில் ஒன்றுக்குக்கூட இடமில்லை.

ஆய்வுக்காகத் தாளோடு நம் தெருக்களுக்கு வருகிற மாணவர்களுக்கும், நம் தெருக்களிலிருந்தே படிக்கப்போன பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘முடியுது’ என்று ஒருவர் சொன்னதும் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். எப்படி முடிகிறது, முடித்த பிறகு ராத்திரி என்ன ஆகிறது என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே தாளின் ஓரத்தில் எழுதுங்கள். ஆய்வேட்டில் அந்த ஓரக் குறிப்புகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும்படி உங்கள் பேராசிரியரிடம் வாதாடுங்கள்.