ரெண்டு சைக்கிளும் ஒண்ணுதான்... கடைதான் வேற!

கேட்டா சிரிப்பீங்க. ஒரு மாசமா எங்க வீட்டுல ஓடிக்கிட்டு இருக்கிற பெரிய விவாதம் வீட்டு லோனோ கல்யாண வரனோ இல்லை. ரெண்டு சைக்கிள். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில ஒண்ணு, இந்தப் பக்கம் ஒரு கடையில ஒண்ணு. எதை வாங்குறது?

வாங்கப் போறது நான் இல்லை, அக்கா மகன். முறைக்கு மருமகன். வீடு பத்தமடை, வேலை பாளையங்கோட்டையில ஒரு ஸ்கேன் சென்டர்ல. போக இருபது, வர இருபது கிலோமீட்டர். பஸ்ஸுல போய்க்கிட்டு இருந்தவன், ரெண்டு வருஷமா சம்பளத்துல பிடிச்சு வெச்சு ரோடு பைக் வாங்கணும்னு நிக்கான். அதாங்க, ஹேண்டில்பார் ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி கீழே வளைஞ்சிருக்குமே, அது. ஞாயித்துக்கிழமை ஷோவுக்கு இல்லை. தினமும் வேலைக்குப் போகவும், லீவு நாள்ல தென்காசி தாண்டி புளியரை ஏறவும். அதனால சைக்கிள் ஒரு வாரம் படுத்துச்சுன்னா ஒரு வாரம் பஸ்தான். இதை மனசுல வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

ரெண்டு சைக்கிளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற படம் மாதிரி இருக்கு. ரெண்டும் அலுமினியம் பிரேம். ரெண்டுலயும் ஷிமானோ கிளாரிஸ் செட், முன்னாடி ரெண்டு பல்சக்கரம், பின்னாடி எட்டு. விலை ரெண்டும் நாற்பதாயிரத்துச் சொச்சம். கண்ணாடிக் கடைக்காரரோடது சிவப்பு, கார்பன் போர்க், சாதா ரிம் பிரேக், 25 மில்லிமீட்டர் டயர். சின்னக் கடைக்காரரோடது பச்சை, டிஸ்க் பிரேக், 28 டயர், 32 வரைக்கும் போடலாம், எடை அரைக் கிலோ கூட. சிவப்பு நாலாயிரம் ரூபாய் கம்மி. இவ்வளவுதான்.

மருமகன் யூடியூப்ல ஒரு நூறு வீடியோவாவது பார்த்திருப்பான். பேசுறவங்க முக்கால்வாசிப் பேர் பெங்களூர்க்காரங்க. நந்தி மலை ஏறி இறங்கிட்டு, இது 'ஸ்டிஃப்', அது 'ரெஸ்பான்சிவ்'னு சொல்றாங்க. பாவம், அவங்க மேல தப்பில்லை. ஆனா அவங்க யாரும் அறுப்பு நேரத்துல சேரன்மகாதேவி ரோட்டுல ஓட்டினவங்க இல்லையே!

நம்ம ஆத்துப்பாசனத்துல கார், பிசானம்னு ரெண்டு போகம். ரெண்டு அறுப்புக்கும் ரோட்டுலதான் களம். பாதி ரோட்டுல நெல்லு காயும், மீதிப் பாதியில வைக்கோல் கிடக்கும். 25 டயர்ல வைக்கோல் மேல பிரேக் பிடிச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் விழுவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. அடுத்தது சீமைக்கருவேல முள். ரோட்டோரம் வெட்டிப் போட்டு இழுத்துட்டுப் போறப்ப நாலு முள்ளு ரோட்டுல தங்கிரும். டயர் கொஞ்சம் அகலமா இருந்தா காத்தை அழுத்தமா அடைக்க வேண்டியதில்லை, பள்ளத்துல இறங்குனா ரிம்ல டியூப் கடிபடுறதும் குறையும். வண்டி ஓட்டுறவன் இடுப்புக்கும் நல்லது. முள்ளுக்கு மட்டும் எந்த டயரும் முழுசாத் தப்பிக்காது.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும், நிறையப் பேர் ஏமாறுற இடம். நம்ம அப்பா, தாத்தா ஓட்டின ஹெர்குலஸ், ராலே பெரிய சைக்கிளுக்கும் 28 இஞ்ச்னுதான் சொல்லுவாங்க. ரோடு பைக் 700சி டயரையும் சில பேர் 28 இஞ்ச்ம்பாங்க. ரெண்டும் வேற! பெரிய சைக்கிள் ரிம்முல டயர் உக்கார்ற விட்டம் 635 மில்லிமீட்டர், 700சி-ல 622. பதிமூணு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனா டயர் லொடலொடன்னு நிக்கும். வீரவநல்லூர்ல டயர் கிழிஞ்சா பக்கத்துக் கடையில இருக்கிற டயரைப் போட்டுக்கிட்டு வர முடியாது. டியூப் மூக்கும் அப்படித்தான். நம்ம கடைகள்ல இருக்கிறது வால்டியூப் போட்ட பழைய மூக்கு, இல்லேன்னா பைக் டியூப் மாதிரி தடி மூக்கு. ரோடு பைக்குல ஒல்லியா ப்ரெஸ்டா மூக்கு. பெட்ரோல் பங்க்ல காத்தடிக்க ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வேணும். அது பாக்கெட்ல இல்லேன்னா தள்ளிக்கிட்டுத்தான் வரணும்.

காத்துன்னதும் ஞாபகம் வருது, நம்ம ஊரு ஆடிக் காத்து. அம்மியே பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. ஆனியிலேயே மேற்கேயிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியா கிளம்பிருது. மருமகன் காலையில கிழக்கே போறான், காத்து முதுகுல தள்ளும், ஜாலி. சாயங்காலம் வேலை முடிஞ்சு களைச்சு மேற்கே திரும்பும்போது மூஞ்சில அடிக்கும். அப்போ சைக்கிள் அரைக் கிலோ கம்மியா கூடவாங்கிறது ஒரு பொருட்டே இல்லை. உருவத்தைக் குனிச்சுக்க முடியுதா, சின்ன கியர் இருக்காங்கிறதுதான் விஷயம்.

கியர் கணக்கு சின்னதாப் போட்டுப் பார்ப்போம். ரெண்டுலயும் முன்னாடி சின்னச் சக்கரம் 34 பல். பின்னாடி பெரிய பல் சிவப்புல 28, பச்சையில 32. சக்கரம் ஒரு சுத்துக்கு சுமார் 2.1 மீட்டர் போகுது. அப்போ ஒரு மிதிக்கு சிவப்பு ரெண்டரை மீட்டர் போகும், பச்சை ரெண்டே கால் மீட்டருக்குச் சொச்சம் கம்மி. நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சா சிவப்பு மணிக்கு 9 கிலோமீட்டர், பச்சை 8. தரையில இது ஒண்ணுமே இல்லை. புளியரை எஸ் வளைவுல, பின்னாடி கேரளா லாரி ஹார்ன் அடிச்சுக்கிட்டு வரும்போது, அந்த ஒரு கிலோமீட்டர்தான் உக்காந்து மிதிக்கிறதுக்கும் இறங்கித் தள்ளுறதுக்கும் நடுவுல நிக்கும்.

பிரேக்கு? மழையில டிஸ்க் நல்லது. இன்னொண்ணும் இருக்கு. கம்பி ஒண்ணு அறுந்து சக்கரம் கோட்டமாச்சுன்னா ரிம் பிரேக் வண்டியில ரிம் கட்டையில உரசி நின்னுரும். டிஸ்க் வண்டி ஆடி ஆடியாவது வீடு வந்து சேரும்.

ஆக காகிதக் கணக்குலயே பச்சைக்கு என் ஓட்டு. ஆனா இதெல்லாம் சரிக்கட்டக்கூடிய சமாச்சாரம். சிவப்புல பின்பல்லை மாத்திக்கலாம், டயரை 28 ஆக்கலாம் (இடம் இருந்தா). என் கட்சி வேற. ரெண்டு சைக்கிள் இவ்வளவு ஒத்துப்போச்சுன்னா, சைக்கிளைப் பார்க்குறதை நிப்பாட்டிட்டு கடையைப் பார்க்கணும். பத்து வருஷம் நம்ம கூட இருக்கப் போறது கிளாரிஸ் இல்லை, அதைக் கழட்டி மாட்டுற ஆளு.

ரெண்டு கடைக்கும் கூடப் போனேன். கண்ணாடிக் கடையில ஏசி, நல்ல வெளிச்சம், பில்லு முறையா. பிரேம் நம்பரோட வாரன்டி கார்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன், திருட்டுப் போனா அந்த நம்பர்தான் உதவும். சேல்ஸ் தம்பியும் தங்கமான பையன். ஆனா சைஸ் என்னன்னு கேட்டா, "மீடியம் சார், எல்லாருக்கும் செட் ஆகும்"ங்கிறான். மருமகன் அஞ்சரை அடி. அவனுக்கும் செட் ஆகுமாம், ஆறடி எனக்கும் செட் ஆகுமாம். ஓட்டிப் பார்க்கணும்னா பார்க்கிங்குக்குள்ள ஒரு ரவுண்டு. மெக்கானிக் எங்கேன்னா, "மதுரையிலேருந்து மாசம் ரெண்டு தடவை வருவார் சார்". நூத்தி அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவரை நம்பி இருபது கிலோமீட்டர் தினமும் போகணும்.

சின்னக் கடை நேர் எதிர். வாசல்ல ஸ்கூல் பிள்ளைங்க சைக்கிள் வரிசையா தலைகீழா நிக்குது. அரசாங்கம் பதினொண்ணாம் வகுப்புக்குக் கொடுக்கிற சைக்கிள்தான் பாதி. அண்ணாச்சி கையெல்லாம் கிரீஸ். ரோடு பைக் மொத்தமே ரெண்டுதான் தொங்குது. "ஏறி உக்காருடே" என்றார். உக்காந்தான். தள்ளி நின்னு முழங்கையையும் முதுகையும் பார்த்தார். "கை எட்டி எட்டிப் போகுதுல்லா?" உள்ளே போய் ஒரு குட்டை ஸ்டெம் எடுத்துட்டு வந்து, பத்து நிமிஷத்துல மாத்தினார். "பாலம் தாண்டிப் போயிட்டு வா. அவசரம் இல்லை." சுலோச்சன முதலியார் பாலம்தான், 1843-ல ஒரு கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் சொந்தக் காசுல கட்டினது. அதுல சைக்கிளோட போய்ட்டு வந்த மருமகன் முகத்துல ஒரு வெளிச்சம். அதுக்கு மேல கேக்கணுமா.

அண்ணாச்சியைப் பற்றி ரொம்பப் புகழ்ந்து பழைய சினிமா நல்லவர் மாதிரி ஆக்கிட வேண்டாம். துண்டுச் சீட்டுலதான் பில் எழுத வந்தார், ஜிஎஸ்டி பில் வேணும்னு கேட்டதுக்கு அப்புறம்தான் புஸ்தகத்தைத் தேடினார். 2025 செப்டம்பர் 22-லேருந்து சைக்கிளுக்கு வரி 12-லேருந்து 5 சதவீதம் ஆயிருச்சு, கேட்டு வாங்குங்க மக்களே. அதுபோக, கேசட் கழட்டுற சாமான் இருக்கான்னு நான் கேட்டப்போ நேரா முகத்தைப் பார்த்து, "இல்ல. ஒரு வாரம் குடுங்க, வரவழைச்சிடுதேன்"ன்னார். ஒரு வாரம் கழிச்சுப் போனேன். இருந்தது. கூடவே ஒரு டஜன் 700சி டியூபும்.

எனக்கு அந்த "இல்ல"தான் நாலாயிரம் ரூபாய். எல்லாம் இருக்குன்னு சொல்ற கடையில எது இல்லைன்னு வண்டி நின்ன அன்னைக்குத்தான் தெரியும். அதனால புதுசா வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது, போன உடனே விலை கேக்காதீங்க. ஸ்டெம் மாத்திக் கொடுப்பீங்களா, 700சி டியூப் இப்போ கடையில இருக்கா, அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டிப் பார்க்கட்டுமான்னு கேளுங்க. பதில்ல தெரிஞ்சிரும். கண்ணாடிக் கடையே இதுக்கெல்லாம் ஆமான்னா அங்கேயே வாங்குங்க, எனக்கு ஏசி மேல கோபம் ஒண்ணும் இல்லை.

ஆன்லைன்ல இன்னும் மூவாயிரம் கம்மியாமே மாமா என்கிறான் இடையில. வரும், பெட்டியில பாதி மாட்டின வண்டியா வரும். மாட்டித் தர்ற ஆளு யாருன்னு கேட்டா அண்ணாச்சிகிட்டதான் தூக்கிட்டு ஓடணும். அவருக்கு லாபம் கொடுக்காம அவர் கைவேலை மட்டும் வேணும்னா எப்படி? இப்படி எல்லாரும் பண்ணா அந்த ஒரு டஜன் டியூபை அவர் எதுக்கு முதல் போட்டு வாங்கி வைக்கணும்? தாமிரபரணிக்கரையில ஒரு டியூப் கிடைக்கிற கடை இருக்கிறதும் இல்லாமப் போறதும் நம்ம கையிலதான் இருக்கு.

இவ்வளவு சொல்லியும் மருமகனுக்குச் சிவப்பு மேல ஒரு கண்ணு. பச்சை பிடிக்கலையாம். இருபத்தஞ்சு வயசு, வேறெப்படி இருக்கும் :-)

அக்கா கவலை அதைவிடப் பெருசு. "ஏல, நாப்பதாயிரம் போட்டு வாங்குதே, பின்னாடி கேரியர் இல்லியே, அரிசி மூட்டை எதுல கொண்டாருவே?"ன்னு ஒரே பிடியா நிக்கா. பச்சை வண்டியில பின்பக்கம் கேரியர் மாட்ட திருகு ஓட்டை இருக்கு, சிவப்புல இல்லை. இதை இன்னும் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குப் போறப்ப சொல்லலாம்னு வெச்சிருக்கேன்.

டிஸ்கி: எந்தக் கடையிலயும் எனக்குக் கமிஷன் கிடையாது. அண்ணாச்சி கடையில ஒரு டீ குடிச்சேன், அவ்வளவுதான்.