72 விழுக்காடா? ஒன்றரை விழுக்காடா? ஏமாறாதீர்கள்!



"குண்டர் கும்பலில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்." இந்த வார்த்தையை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! 2013 ஆகஸ்டு மாதம் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்த உறுப்பினர் 40,313 பேர், அதில் இந்தியர் 28,926 பேர் என்றது. ஏறக்குறைய 72 விழுக்காடு. வாடகைக்கு வீடு கேட்டாலும் சரி, வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் சரி, அந்த 72 நம் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இங்கேதான் கணக்கு புரட்டப்படுகிறது. ஒரு லாரிக் கொட்டகையில் 10 ஓட்டுநர்கள், அதில் 7 பேர் தமிழர் என்று வைத்துக்கொள்வோம். அதனால் தமிழரில் பத்துக்கு ஏழு பேர் லாரி ஓட்டுகிறார்கள் என்று ஆகிவிடுமா? சிரிப்பீர்கள் அல்லவா? குண்டர் கணக்கில் மட்டும் ஏன் நாடே அப்படிப் பேசியது?

ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். குறுக்கே இனம்; மேலே "கும்பலில் உள்ளவர்", "இல்லாதவர்". 28,926-ஐக் கும்பலின் மொத்தமான 40,313-ஆல் வகுத்தால் 72 விழுக்காடு. அதே 28,926-ஐ இந்தியரின் மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 2010 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நாம் ஏறக்குறைய 19 லட்சம் பேர். விடை ஒன்றரை விழுக்காடு! ஆயிரத்தில் 15 பேர். மீதி 985 பேர் யார்? நீங்களும் நானும்தான். அத்தனை பேரும் ஆண்களே என்று வைத்து ஆண்களை மட்டும் எண்ணினாலும் நூற்றுக்கு மூவர்தான்.

உண்மையை மறைக்கவும் வேண்டாம். அதே பட்டியலில் சீனர் 8,214 பேர். அவர்கள் மக்கள் தொகையில் அது ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர். நமக்கோ 15! இது வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டிய எண் அல்ல, கேள்வி கேட்க வேண்டிய எண். இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் யார்? எதை வைத்து ஒருவரை உறுப்பினர் என்றார்கள்? அந்த 28,926 பேரில் எத்தனை பேர் தோட்டத்தை விட்டு விரட்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள்? எத்தனை பேர் எஸ்பிஎம் முடிக்காமல் பள்ளியை விட்டவர்கள்? இனத்தை மட்டும் எழுதி, வருமானத்தையும் படிப்பையும் எழுதாத கட்டம் பாதிக் கட்டம்தான். காரணம் இரத்தத்திலா, வறுமையிலா என்று அது சொல்லாது.

தாய்மார்களே, தந்தைமார்களே! இனி எவராவது ஒரு விழுக்காட்டை வீசினால் வாயடைத்து நிற்காதீர்கள். "எந்த மொத்தத்தில் இத்தனை?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கும் கற்றுக் கொடுங்கள்.

கணக்குத் தெரிந்த சமுதாயத்தை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது. சிந்திப்போம்! கேட்போம்!