அழிந்த படங்களை வீட்டிலேயே மீட்கலாம்



பெருநாளன்று எடுத்த படங்கள், மகளின் நிக்காஹ், வபாத்தான உம்மும்மாவின் கடைசிப் படம் எல்லாம் கெமராவின் மெமரி கார்டில் இருக்கின்றன. சின்னவன் எதையோ அமுக்கிவிட, கார்ட் வெறுமையாகிவிடுகிறது. உடனே என்ன செய்கிறோம்? கார்டைக் கழற்றி மகனின் கையில் கொடுத்து, கணனி திருத்தும் கடைக்கு அனுப்பிவிடுகிறோம்.

சற்றுப் பொறுங்கள். அந்தக் கார்டில் இருப்பவர்கள் யார்? வீட்டுக்குள் முக்காடின்றி இருந்த குமர்ப்பிள்ளைகள், பெண்கள் மட்டும் கூடியிருந்த மருதோன்றி இரவு. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். மீட்ட படங்களின் ஒரு பிரதி அவருடைய கணனியில் தங்கிவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியவரும்? வீட்டில் ஒரு கணனி இருந்தால் இந்த வேலையை நீங்களே செய்யலாம்.

ஒரு படத்தை அழிக்கும்போது கெமரா அதைத் துடைத்தெடுப்பதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியலில், 'இந்த இடம் காலி' என்று ஓர் அடையாளம் மட்டும் இடுகிறது. அவ்விடத்தில் புதிதாக ஒன்று எழுதப்படும் வரை படம் அங்கேயே கிடக்கும். ஆகவே அந்தக் கார்டில் இன்னுமொரு படம்கூட எடுக்காதீர்கள். 'போர்மட் செய்யவா?' என்று கணனி கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

மீட்பதற்கு 'போட்டோரெக்' என்றொரு மென்பொருள் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோப் கிரெனியே எழுதியது, முற்றிலும் இலவசம். 'டெஸ்ட்டிஸ்க்' என்ற அதன் சோடியுடன் ஒரே பொதியாகக் கிடைக்கிறது. இதைக் கணனியில் நிறுவத் தேவையில்லை. பென் டிரைவில் வைத்தே இயக்கலாம். இது சின்ன வசதி அல்ல. அழிந்தது கணனியின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கோப்பாயின், அதே டிஸ்க்கில் நிறுவும் மென்பொருள் உங்கள் கோப்பு கிடந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துவிடலாம். அப்படியான வேளையில் வேறொரு கணனியில் தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

பொதியில் 'க்யூபோட்டோரெக்' என்று இருப்பதைத் திறந்தால் மவுஸால் தெரிவு செய்துகொண்டே போகலாம். 16 ஜிபி, 32 ஜிபி என்ற அளவைப் பார்த்து உங்கள் கார்டை அடையாளம் காணுங்கள். மீட்பவற்றை அதே கார்டில் மட்டும் சேமிக்காதீர்கள், வேறிடம் காட்டுங்கள். பிறகு அது தேடிக்கொண்டிருக்கும், நீங்கள் கறியைக் கவனிக்கலாம். படம் தொடங்கும் அடையாளத்தைப் பார்த்தே அது பொறுக்கியெடுப்பதால் பழைய பெயர்கள் வரமாட்டா. வெறும் இலக்கங்களோடு வரும். வேண்டாமென்று எப்போதோ அழித்தவையும் சேர்ந்து வரும் (பிள்ளைகள் தூங்கிய பின் பாருங்கள்). வீடியோக்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் சரிவர வருவதில்லை.

எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் இந்த முயற்சி பெரும்பாலும் பலிக்காது. 'ட்ரிம்' என்ற ஏற்பாட்டினால் அழித்த இடத்தை அது தானே காலி செய்துவிடுகிறது. இன்றைய போன்களின் உள் நினைவகமும் பூட்டப்பட்டது போன்றதே. போனில் அழிந்தால் முதலில் குப்பைக்கூடையைத் திறந்து பாருங்கள். ஐபோனில் 30 நாட்களும், கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி எடுத்த படங்கள் 60 நாட்களும் இருக்கும்.

இன்னுமொரு விடயம். நீங்கள் மீட்பது போலவே மற்றவரும் மீட்கலாம் அல்லவா? பழைய கார்டையோ பென் டிரைவையோ கணனியையோ விற்குமுன், இரவல் கொடுக்குமுன், படங்களை அழித்தால் மட்டும் போதாது. கார்டையும் பென் டிரைவையும் விண்டோஸில் போர்மட் செய்யும்போது 'குயிக் போர்மட்' என்பதற்கு எதிரேயுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் முழு இடமும் பூச்சியங்களால் நிரப்பப்படும். நேரம் கூடுதலாக எடுக்கும், இடையில் கழற்றிவிடாதீர்கள்.