வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது



இன்று கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீளமாகவும் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு மாதமாக ஒரே பேச்சு. அந்த ரேஸ் பைக் 399 சிசியில் வருமா, 349இல் வருமா? விலை 2.20 லட்சமா, 2.40 லட்சமா? தினமும் ஒரு வீடியோ, தினமும் ஒரு 'உறுதியான தகவல்'. டீச்சருக்கு பைக்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். பைக் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். என் கணவரின் டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கு வந்தவள் நான். ஆனால் சதவீதம் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன். என் தங்கை மகன் இந்த வீடியோக்களை நம்பி, 'வண்டி வந்ததும் முன்பணம் கட்டணும், விலை ஏறிடும்' என்று அம்மாவை அவசரப்படுத்தினான். அவள் சங்கிலியை வைத்து 1 லட்சம் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறாள். மாதம் 1,000 ரூபாய் வட்டி. ஏழு மாதம் ஆகிவிட்டது. பிறக்காத பிள்ளைக்கு 7,000 ரூபாய் செலவு! வீடியோ போட்டவர் இதில் ஒரு ரூபாயாவது தருவாரா?

சரி, கணக்குக்கு வருவோம். இந்த வதந்தி ஏன் கிளம்பியது? 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. 350 சிசி வரை உள்ள பைக்குக்கு 28 சதவீதம் 18 ஆனது. அதைத் தாண்டினால், செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. வரிக்கு முந்தைய விலை 2,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 350க்குள் என்றால் 2,36,000. தாண்டினால் 2,80,000. வித்தியாசம் 44,000. ஆகவே கம்பெனி என்ஜினைச் சிறிதாக்கலாம் என்று நினைப்பதில் தப்பில்லை. அதுவரை பையன்கள் புத்திசாலிகள்தான்.

தப்பு அடுத்த வரியில் இருக்கிறது. அந்த 2,00,000 எங்கிருந்து வந்தது? நான் உதாரணத்துக்குப் போட்டேன். வீடியோக்காரரும் அப்படித்தான் போடுகிறார், ஆனால் அதை உங்களிடம் சொல்வதில்லை. வரி எத்தனை சதவீதம் என்று அரசு சொல்லிவிட்டது. அடக்கத்தையும் லாபத்தையும் கம்பெனிதான் முடிவு செய்யும். வரி குறைந்ததில் பாதியைத் தானே வைத்துக்கொண்டாலும் அது அவர்கள் வியாபாரம். அந்த எண் தெரியாமல் விலை சொல்வது, வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதுவது போல. என் வகுப்பில் அதற்கு என்ன மதிப்பெண் என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

இன்னொன்று. அவர்கள் சொல்வதெல்லாம் ஷோரூம் விலை. 2,36,000 ரூபாய் வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 12 சதவீதம், அதாவது 28,320. புது வண்டிக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 150க்கு மேல் 350 சிசி வரை 7,365, அதற்கு மேல் 15,117. இதுவரைக்குமே 2,71,685 ஆகிவிட்டது. சொந்த வண்டிக்கான காப்பீடு, பதிவுக் கட்டணம், நல்ல ஹெல்மெட் எல்லாம் இனிமேல்தான். இந்தப் பட்டியலை எந்த வீடியோவிலாவது பார்த்தீர்களா?

என்ஜின் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பிளெண்டர் சுமார் 8 குதிரைத்திறன். 399 சிசி டியூக் 46. 'மேடம், பிக்கப் வேற மாதிரி' என்கிறீர்கள். இருக்கட்டும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. 60இல் போகிறவனுக்கும் 120இல் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நம் ஊர் ரோட்டில் குறுக்கே வரும் ஆட்டுக்குட்டிக்கு உங்கள் பிக்கப் தெரியாது. 349ஆ 399ஆ என்று சண்டை போடும் குரூப்பில் ஏபிஎஸ் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே, ஏன்?

ஆசைப்படாதே என்று நான் சொல்லவில்லை. என் தம்பி 1983இல் ராஜ்தூத் 350 வந்தபோது சோறு இறங்காமல் அலைந்தவன். 347 சிசி, இரட்டை சிலிண்டர். பெட்ரோல் குடிக்கிறது என்று தெரிந்ததும் அடங்கினான். வாலிப வயதில் அது இயல்பு. ஓசூரிலும் ஒரகடத்திலும் இந்த வண்டிகளைச் செய்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. அதில் எனக்குப் பெருமைதான்.

கேட்பது மூன்றே மூன்று. கம்பெனி விலை அறிவிக்கும் வரை ஒரு ரூபாயும் கடன் வாங்காதீர்கள். ஷோரூமில் சாலைக்கு வரும் மொத்த விலையை எழுதி வாங்குங்கள். விலை ஊகிக்கிறவரிடம் 'எப்படிப் போட்டீங்க?' என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் பகிராதீர்கள்.

நாளை தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் சங்கிலியை மீட்கப் போகிறேன். அவன் என்மேல் கோபமாக இருக்கிறான். வண்டி வரட்டும். வந்த பிறகு விலையைப் பார்த்து, அவன் சம்பளத்தையும் பார்த்து, நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.

என் கணக்கில் தப்பு இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். வழிமுறையோடு!

அன்புடன்,
உங்கள் டீச்சர்